காற்றின் நிழல்

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்னும் பழமொழியை முதலிற் சொன்னவன் ஓர் உழவனாகவே இருந்திருத்தல் வேண்டும். சூடு மிதித்த களத்திலே நெல்லும் பதரும் கலந்து கிடக்க, காற்றின் வரவை எதிர்நோக்கிச் சுளகுடன் நின்றவனுக்கே அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும். அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்ட இந்நாளிலும், படுவான்கரை முதியோரைக் கேட்டால் தூற்றும் தொழிலின் நுட்பங்களை விரித்துரைப்பர். அவற்றுள் ஒன்று மிக எளியது. தூற்றுகின்றவனுக்குக் காற்று வரும் பக்கத்தில் மற்றொருவன் நிற்றலாகாது. நின்றால் அவனுடைய உடலே காற்றை மறைத்துவிடும். பதர் பறவாது நெல்லோடு சேர்ந்து காலடியில் விழும்.

களத்து மேட்டின் இச்சிறு விதியே இன்று வானளாவ நிற்கும் காற்றாலைகளையும் ஆளுகின்றது. மின்சாரம் ஆக்குவதற்காக நாட்டப்படும் ஒவ்வொரு காற்றாலையும் தன்னைக் கடந்து செல்லும் காற்றிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றது. எடுத்தபின் எஞ்சிய காற்று எத்தகையது? அது எவ்வளவு தூரம் தளர்ந்து செல்லும்? மீண்டும் வலிமை பெறுமா? அதனால் வெயிலுக்கும் மழைக்கும் ஏதேனும் நேருமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் பொருட்டு, உலகின் ஆய்வுகூடங்களில் வளிமண்டலத்தையே கணினிக்குள் கட்டியெழுப்பிப் பார்க்கின்றனர். அக்கணக்கு எத்தகையது, அதனை எவ்வளவுக்கு நம்பலாம், நமது மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அதனால் ஆவது என்ன என்பனவற்றை இங்கே ஒருவாறு ஆராய்வோம்.

மன்னாரின் முப்பது தூண்கள்

நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ‘தம்பபவனி’ எனப் பெயரிடப்பட்ட அத்தொகுதி 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று வலுவுடையது. முப்பதும் சேர்ந்தால் 103.5 மெகாவாற்று. இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனைப் பெற்று இதனை அமைத்தது. சுழலும் இறகுகள் வரையும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். முப்பது பொறிகளையும் கடற்கரையை ஒட்டி ஒற்றை வரிசையாக நிறுத்தியதிலே நாம் மேலே சொன்ன களத்து விதி அடங்கியிருக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வந்து வரிசையிலுள்ள எல்லாவற்றையும் ஒருங்கே தாக்குகின்றது. ஒன்றின் பின் ஒன்று மறைவதில்லை.

ஆயினும் மன்னாரில் எல்லாம் அமைதியாக முடிந்துவிடவில்லை. மேலும் காற்றாலைகள் அமைக்கப்படும் என்ற செய்தி வந்ததும் மக்கள் எதிர்த்தெழுந்தனர். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்று அளவில் தொகுதிகள் அமைக்க முன்வந்திருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மன்னார் மக்கள் வீதிக்கு வந்து போராடினர். வெள்ளம் வடிய வழியில்லை என்றனர் சிலர். மீன்பாடு குறைந்தது என்றனர் சிலர். வலசை வரும் பறவைகளுக்கு ஊறு என்றனர் சிலர். காற்றாலைகள் மழை முகிலை விரட்டுகின்றன என்றாரும் உளர். இந்தக் கடைசி ஐயம் மன்னாருக்கு மட்டும் உரியதன்று. மகாராட்டிர மாநிலத்தின் வறண்ட மாவட்டங்களிலும் மழை பொய்த்த ஆண்டுகளில் இதே குற்றச்சாட்டு எழுந்தது.

இத்தகைய வேளைகளில் படித்தவர் இரு திறத்தராய்ப் பிரிந்துவிடுவதைக் காண்கிறோம். ஒரு சாரார், “மக்கள் அறியாமையாற் பேசுகின்றனர்” என்று புறக்கணிப்பர். மற்றொரு சாரார், மக்கள் சொன்னதனாலேயே அது மெய் என்பர். இரண்டும் விஞ்ஞானியின் வழியல்ல. கேட்கப்பட்ட வினா நல்ல வினாவாயின் அதற்கு விடை கண்டு சொல்வதே கடன். ஆதலின் முதலிற் காற்றாலை காற்றை என்ன செய்கின்றது என்பதைப் பார்ப்போம்.

எடுப்பதும் விடுப்பதும்

வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். 126 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 12,500 சதுர மீற்றர். அதனூடாக வினாடிதோறும் நூறு தொன்னுக்கு மேற்பட்ட காற்று கடந்து செல்கின்றது. காற்றுக்கு நிறையே இல்லை என்று எண்ணுவோர் இதனைக் கேட்டு வியப்படைதல் கூடும். ஒரு கன மீற்றர் காற்று ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேலான நிறையுடையது. பரப்பும் வேகமும் பெரியன ஆதலின் மொத்தமும் பெரிதாகின்றது.

அக்காற்றின் ஆற்றல் முழுவதையும் பறித்துவிட இயலாது. முழுவதையும் பறித்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். நின்ற காற்று பின்வரும் காற்றுக்கு வழிவிடாது. ஆகவே ஓரளவு எடுத்து, ஓரளவு விடுத்தலே முறை. எடுக்கத்தக்க மேலெல்லை 27 இல் 16 பங்கு, அதாவது நூற்றுக்கு 59.3 வீதம் என்பதைச் சேர்மானிய அறிஞர் ஆல்பேட் பெற்சு 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். எவ்வளவு திறமையான பொறியாயினும் இந்த எல்லையைக் கடப்பதில்லை.

மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய மற்றொரு விதி உண்டு. காற்றில் அடங்கிய வலு அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் வலு பாதியாவதில்லை; எட்டில் ஒன்றாகிவிடும். வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வலு நூற்றுக்கு 27 வீதம் குறையும். முன்னே நிற்கும் பொறி காற்றை ஒரு சிறிது தளர்த்தினாலும் பின்னே நிற்கும் பொறிக்குப் பெரிய நட்டம் நேர்வதற்கு இதுவே காரணம். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலைப்போலப் பல நூறு பொறிகள் நெருங்கி நிற்கும் இடங்களில் இந்நட்டம் வருமானக் கணக்கேட்டிலேயே தோன்றும்.

பாலத்துத் தூணும் பனிமூட்டமும்

மாரி காலத்தில் முகத்துவாரம் வெட்டப்பட்டு வாவியின் நீர் கடலை நோக்கி விரையும்போது கல்லடிப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். தூண்களை மோதிய நீர் அவற்றின் பின்னே சுழன்று, நெளிந்து, நுரை தள்ளித் தளர்ந்து செல்வதைக் காணலாம். சற்றுத் தூரம் சென்றபின் பக்கத்து நீரோட்டம் அத்தளர்ந்த நீரைத் தன்னோடு இழுத்துக்கொள்ள, சுவடு மெல்ல மறைந்துவிடுகின்றது. காற்றாலையின் பின்னும் இதுவே நிகழ்கின்றது. அங்கே தளர்ந்தும் கொந்தளித்தும் செல்லும் காற்றுப் பகுதியைக் காற்றின் நிழல் என்று அழைப்போம்.

நீரின் நிழலைக் கண் காண்கின்றது. காற்றின் நிழலைக் காண்பதரிது. ஆயினும் ஒருமுறை இயற்கையே அதனைக் காட்டியது. தென்மார்க்கு நாட்டின் மேற்கே வடகடலில் ‘கோண்சு ரெவ்’ என்னும் இடத்தில் எண்பது காற்றாலைகள் நிற்கின்றன. 2008 பெப்ரவரி 12ஆம் நாள் காலை, கடலின்மேல் ஈரம் நிறைந்த குளிர்ந்த காற்று படிந்திருந்தபோது, ஒவ்வொரு பொறியின் பின்னும் வெண்ணிற மூடுபனி வால்போல் நீண்டு கிடந்தது. உலங்குவானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் பரவிற்று. இறகுகள் காற்றடுக்குகளைக் கலக்கியதனால் ஈரம் திரண்டு பனியாகி, நிழலின் வடிவைக் கோலமிட்டுக் காட்டிவிட்டது.

இந்நிழல் எவ்வளவு நீளும் என்பது வானத்தின் நிலையைப் பொறுத்தது. பகலில் வெயிலாற் சூடேறிய தரை காற்றைக் கொதிக்கும் பானையிலுள்ள நீர்போல மேலுங் கீழுமாகப் புரட்டுகின்றது. அதனால் உயரத்திலுள்ள வேகமான காற்று கீழிறங்கி, தளர்ந்த காற்றுக்கு விரைவில் உயிரூட்டிவிடும், நிழல் குறுகும். இரவில் தரை குளிர, கனத்த குளிர்காற்று கீழேயே அடங்கிக் கிடக்கும், மேற்காற்றும் கீழ்க்காற்றும் கலவா, நிழல் நீளும். கடலின்மேல் நிழல் இன்னும் நெடிது செல்லும். சேர்மனிக்கு வடக்கேயுள்ள கடலில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் விமானத்திற் பறந்து அளந்த ஆய்வாளர், பெருந்தொகுதிகளின் பின்னே 45 கிலோமீற்றருக்கு மேலும், சில வேளைகளில் 70 கிலோமீற்றர் வரையும் காற்றுத் தளர்ந்திருக்கக் கண்டனர். அது மட்டக்களப்பு வாவியின் முழு நீளத்தினும் பெரிது!

ஆக, காற்றாலை தனித்து இயங்கும் பொறியன்று. அது வளிமண்டலத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்கின்றது. கணக்கிடவேண்டியது பொறியை மட்டுமன்று. அதனைச் சூழ்ந்த வானத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வானத்தைப் பெட்டிகளாகப் பிரித்தல்

காற்று எவ்வாறு அசைகின்றது என்பதற்கான சமன்பாடுகள் புதியனவல்ல. பிரான்சிய அறிஞர் நேவியே 1822இலும், அயர்லாந்திற் பிறந்த அறிஞர் தோக்குசு 1845இலும் அவற்றை வகுத்தனர். அவற்றின் உள்ளீடு நியூற்றனின் இயக்க விதியே. இடர் அவற்றை விடுவிப்பதிலேதான் இருக்கின்றது. கொந்தளிக்கும் காற்றுக்குத் தாளில் எழுதி முடிக்கத்தக்க விடை கிடையாது. ஆதலால் வானத்தைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்றின் வேகம், திசை, வெப்பம், அமுக்கம் ஆகியவற்றை அடுத்த நொடிக்கு, அதற்கடுத்த நொடிக்கு என்று படிப்படியாகக் கணிக்க வேண்டியதாயிற்று.

இவ்வழியில் வானிலையைக் கணிக்க முதன்முதல் துணிந்தவர் லூயி பிறை றிச்சாட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரிலே பிரான்சிற் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டியின் சாரதியாகப் பணிபுரிந்துகொண்டு, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இக்கணக்கைக் கையாற் போட்டார். 1910 மே 20ஆம் நாளுக்குரிய ஆறு மணி நேர மாற்றத்தைக் கணிக்க அவருக்கு ஆறு கிழமை பிடித்தது. கிடைத்த விடையோ முழுப் பிழை; அமுக்கம் ஓரிடத்தில் 145 மில்லிபார் மாறும் என்று கணக்குக் கூறியது; உண்மையில் அது அசையவேயில்லை. மனந்தளராத அவர், பிழையை மறைக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார். அறுபத்து நாலாயிரம் கணிதர் ஒரு மாபெரும் மண்டபத்தில் அமர்ந்து உலகின் வானிலையைக் கணிக்கும் காட்சியையும் அதிற் கற்பனை செய்தார். 1950இல் அமெரிக்காவின் ‘எனியாக்கு’ என்னும் மின்னணுக் கணினி, ஒரு நாளைய வானிலையைக் கணிக்க ஏறத்தாழ ஒரு நாளையே எடுத்துக்கொண்டது. கணக்கு அன்றுதான் காலத்தை எட்டிப் பிடித்தது எனலாம்.

காற்றாலைக்கு வேண்டிய கணக்கு இதனினும் நுண்ணியது. பெருஞ்சுழல்களை நேரே கணித்து, பெட்டியினுள் அடங்கிவிடும் சிறு சுழல்களின் விளைவை மட்டும் மதிப்பிட்டுச் சேர்க்கும் முறை இதற்குப் பயன்படுகின்றது. இம்முறையில் அமெரிக்க அறிஞர் தியடோவ் என்பார் 1970இல் செய்த முன்னோடிக் கணக்கில் இருந்த பெட்டிகள் 6,720. இன்று எத்தனை? நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோமீற்றர் நீளமும் பத்துக் கிலோமீற்றர் அகலமும் ஒரு கிலோமீற்றர் உயரமும் உள்ள வானப்பகுதியை எடுத்து, பத்து மீற்றர்ப் பெட்டிகளாகப் பிரித்தால் பெட்டிகள் பத்துக் கோடி. அரை வினாடிக்கு ஒருமுறை கணித்தால் ஒரு மணி நேரத்துக்கு 7,200 படிகள். ஒரு பெட்டியை ஒரு படி முன்னகர்த்த ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும் என்று தாராளமாகவே கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் மக்கள் ஏறக்குறைய 5 இலட்சத்து 26 ஆயிரம். அவ்வளவு பேரும், தொட்டிற் குழந்தை உட்பட, இரவு பகல் உறங்காது கணித்தாலும் அந்த ஒரு மணி நேரக் காற்றைக் கணிக்க இரண்டரை ஆண்டுக்கு மேற் செல்லும்! இன்றைய பெருங்கணினிகள் இதனைச் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. பெட்டியின் அளவைப் பாதியாக்கினாலோ, பெட்டிகள் எட்டு மடங்காகும். நேரப்படியையும் பாதியாக்க வேண்டுவதால் உழைப்புப் பதினாறு மடங்காகும். ஆகவே எதனை நுணுகிப் பார்ப்பது, எதனைத் தோராயமாக விடுவது என்று தெரிவதே இக்கலையின் உயிர்நாடி.

காற்றாலையையும் அவர்கள் முழுப்பொறியாகக் கணினிக்குள் வரைவதில்லை. காற்றை எதிர்த்துத் தள்ளும் ஒரு மெல்லிய வட்டத் தட்டாகவோ, சுழலும் மூன்று கோடுகளாகவோ அதனைக் குறித்துக்கொள்வர். கோட்டு முறையைத் தென்மார்க்கு ஆய்வாளர் சோரென்சென், சென் ஆகிய இருவரும் 2002இல் வெளியிட்டனர். இவ்வளவு உழைப்பும் வேண்டாம், விரைவான மதிப்பீடு போதும் என்பார்க்கு அந்நாட்டவரான யென்சென் 1983இல் தந்த எளிய சூத்திரம் உண்டு. காற்றின் நிழல் புனல்போல நேர்கோட்டில் விரிந்துகொண்டே செல்கின்றது என்பதே அதன் அடிப்படை. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கொப்பியிலேயே போடத்தக்க கணக்கு அது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் பொறியியலாளர் அதனைக் கைவிடவில்லை.

மழையை விரட்டுமா?

இனி மக்களின் வினாவுக்கு வருவோம். முதலில் வெப்பம். அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில் பெருந்தொகுதிகள் எழுந்த பகுதியை 2003 முதல் 2011 வரை செயற்கைக்கோள் வழியாக ஆராய்ந்தோர், சுற்றுப்புறத்தோடு ஒப்பிட அங்கே இரவில் தரையின் வெப்பம் சிறிது உயர்ந்திருப்பதை 2012இல் வெளியிட்டனர். இந்திய அறிஞர் சோமநாத் பைத்திய றோய் தம் மாணவரோடு 2010இல் வெளியிட்ட ஆய்வும், கலிபோர்னியாவில் அளந்த வெப்பநிலைகளைக் கொண்டு, காற்றாலைகளின் அருகே இரவில் தரை சற்று வெப்பமாயும் பகலிற் சற்றுக் குளிர்ந்தும் இருப்பதைக் காட்டியது. பொறி புதிதாக வெப்பத்தை உண்டாக்கியது என்பது இதன் பொருளன்று. இரவில் மேலே நிற்கும் சற்று வெதுவெதுப்பான காற்றை இறகுகள் கீழே கலக்கிவிடுகின்றன, அவ்வளவே. சோற்றுப் பானையை அகப்பையாற் கிண்டினால் சோறு பெருகுவதில்லை. அடிச்சோறு மேலே வருகின்றது.

அடுத்து மழை. காற்றாலைகள் தரைக்கு அண்மையிலுள்ள நூற்றைம்பது இருநூறு மீற்றர் காற்றையே கலக்குகின்றன. வடகீழ்ப் பருவ மழையைத் தரும் முகில்களோ பல கிலோமீற்றர் உயரம் எழுவன. வங்காள விரிகுடாவின் ஈரத்தை நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து சுமந்து வருவன. முப்பது பொறிகள் அவற்றை விரட்டும் என்பதற்கு இயற்பியலில் ஆதாரமில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பல்லாயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பைக் காற்றாலைகளால் நிரப்பிவிட்டதாகப் பாவித்து 2011இல் ஒரு மாதிரிக் கணிப்பு வெளியாயிற்று. அதிலும் அண்டைப் பகுதிகளில் மழை நூற்றுக்கு ஒரு வீதமளவே மாறியது. அம்மாற்றமும் குறைவன்று, கூடுதல்! சகாராப் பாலைவனம் முழுவதிலும் காற்றாலைகளை நாட்டினால் என்ன நிகழும் என்று கணித்த 2018ஆம் ஆண்டு ஆய்வும் மழை கூடும் என்றே சொல்லிற்று. இவை யாரும் கட்டப்போகாத கற்பனைத் தொகுதிகள். எனினும், பெரும் அளவிற்கூட மழை “விரட்டப்படுவதாக” இக்கணக்குகள் காட்டவில்லை என்பதை நோக்குக.

அப்படியாயின் மன்னார் மக்கள் சொன்னதெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடலாமோ? கூடாது. வெள்ளம் வடியாமை பற்றிய முறைப்பாடு வளிமண்டலக் கணக்குக்கு உரியதன்று. பாதை போட மண் உயர்த்தியதும், வாய்க்கால் எங்கே ஓடியது என்பதும் நிலஅளவையால் தெளிய வேண்டியவை. பறவைகள் பற்றிய ஐயம் பறவைகளை எண்ணித் தெளிய வேண்டியது. மீன்பாட்டுக்கு மீனவரின் நாட்குறிப்பே சான்றாகலாம். ஒரு வினாவுக்கு விடை “இல்லை” என்று வந்துவிட்டதனால் மற்ற வினாக்களும் வாயடைத்துவிட வேண்டுமென்பது நேர்மையன்று. மழைக்குக் கணினி சொன்ன விடையைக் காட்டி வாய்க்காலைப் பற்றிய வினாவை மூடிவிட எவரேனும் முயன்றால், அது விஞ்ஞானத்தின் பெயரால் செய்யும் அநீதியே ஆகும்.

கணக்கும் தவறலாம்

கணினி சொல்லிவிட்டது என்பதனால் அது வேதவாக்கும் ஆகாது. தென்மார்க்கு நாட்டின் ‘ஓர்சுட்டெட்’ கடற் காற்றாலைத் துறையில் உலகின் முன்னணி நிறுவனம். 2019 ஒக்டோபரில் அந்நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. காற்றாலைத் தொகுதி தன் முன்னே வரும் காற்றையே சற்றுத் தடுத்துத் தளர்த்துவதையும், தொகுதிகளின் நிழல் நெடுந்தூரம் செல்வதையும் தாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகவும், அதனால் எதிர்பார்த்த மின்சாரம் அவ்வளவுக்குக் கிடையாதென்றும் அதிற் கூறியது. அளவுக் கருவிகளும் ஆய்வாளரும் நிறைந்த இடத்திலேயே இவ்வாறாயின், அளவே எடுக்கப்படாத இடத்தைப் பற்றிக் கணக்குச் சொல்வதை எவ்வளவுக்கு நம்பலாம்?

இலங்கைக்கான காற்று வரைபடம் ஒன்றை அமெரிக்காவின் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுகூடம் 2003இல் கணினியின் துணையால் ஆக்கியது. நாட்டில் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீற்றர்ப் பரப்பில் நல்ல காற்று உண்டென்றும், அதன் நிலப்பகுதியிலிருந்து 20,000 மெகாவாற்று வரை பெறத்தக்கதென்றும் அது மதிப்பிட்டது. களப்புப் பரப்புகளையும் அது கணக்கிற் சேர்த்தது. கற்பிட்டி முதல் மன்னார், யாழ்ப்பாணம் வரையுள்ள வடமேற்குக் கரையும், மலைநாட்டின் சில கணவாய்களும் அதிற் சிறப்பிடம் பெற்றன. மதிப்பீடு பயனுள்ளது, எனினும் நிலத்தில் கால் ஊன்றி அளந்த அளவுக்கு அது ஈடாகாது.

நமது கச்சானும் நமது வாவியும்

இப்பொழுது நமது வாயிலுக்கே வருவோம். வைகாசி தொட்டு ஆவணி வரை இப்பகுதியில் வீசும் கச்சான் காற்றை அறியாதார் யார்? ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குச் செல்லும் அடியார்களின் முகத்தை அனல்போல் தீண்டுவது அதுவே. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகின்றது. நீராவி நீரானபோது வெளிப்பட்ட வெப்பமோ காற்றிலேயே தங்கிவிடும். பின் கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய பத்துப் பாகை செல்சியசு வெப்பமேறி, உலர்ந்து, சூடாகி நம்மிடம் வருகின்றது. ஐரோப்பாவின் அல்ப்சு மலையடியிலும் இத்தகைய காற்று உண்டு.

அச்சூடான காற்று வாவியின்மேல் வரும்போது என்ன நிகழும்? கீழே நீர் ஒப்பளவிற் குளிர்ந்தது. மேலே காற்றுச் சூடானது. குளிர்ந்தது கீழும் சூடானது மேலும் நின்றால் கலப்பு அடங்கும் என்று முன்னர்க் கண்டோம். அவ்வாறாயின் நட்டநடுப் பகலிலும் வாவியின்மேல் இரவின் நிலைபோன்ற ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகி, காற்றின் நிழலை நீளச் செய்யலாம். பிற்பகலிற் கீழ்க்கடலிலிருந்து கடற்காற்றுப் புகுந்து கச்சானை எதிர்க்கும் நாட்களில் நிலை மேலும் சிக்கலாகும். இது நாம் பொதுவிதியினின்றும் உய்த்துணர்ந்த கருத்தே. அளந்தும் கணித்துமே இதனை நிறுவவோ மறுக்கவோ வேண்டும்.

ஆனால் உலகளாவிய கணக்கில் நமது வாவிக்கு இடம் எங்கே? ஐரோப்பிய வானிலை நிலையம் உலகம் முழுவதற்கும் ஆக்கித் தரும் புகழ்பெற்ற தரவுத் தொகுதியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 31 கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் அளவு நீளமுடையதாயினும் அகலம் மிகக் குறுகியது. அவ்வாறான ஒரு கட்டத்துக்குள் எழுவான்கரையின் கடற்கரையும், வாவியும், வவுணதீவின் வயல்வெளியும் ஒன்றாய் அடங்கி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே காற்று, ஒரே வெப்பம் என்று கணக்கில் எழுதப்பட்டுவிடும். தோணியிற் செல்லும் மீனவர் கரைக்குக் கரை உணரும் வேறுபாட்டை அக்கணக்கு உணராது. அது கணக்கின் குற்றமன்று. நம் காற்றை நாம் அளந்து கொடாதது நம் குறையே.

2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 வீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க வழிகளிற் பெறுவது இலங்கையின் கொள்கையாக அறிவிக்கப்பட்டுள்ளது. நிலக்கரியையும் எண்ணெயையும் கடன்பட்டு இறக்கும் நாட்டுக்கு அது வேண்டிய கொள்கையே. அவ்வழியிற் காற்றாலைகள் ஒருநாள் கீழ்க்கரையை நோக்கியும் வரலாம். அன்று, “எங்கே நாட்டுவது, எத்தனை நாட்டுவது, பின்னிருப்போருக்கு என்ன நேரும்” என்ற வினாக்கள் எழும். மன்னாரில் அவ்வினாக்கள் பொறிகள் நாட்டப்பட்ட பின்னரே உரத்து ஒலித்தன. நாம் முன்னரே கேட்கப் பழகுதல் நன்று.

கேட்பதற்கு வேண்டிய கருவிகள் நம் கைக்கு எட்டாதனவல்ல. அமெரிக்காவில் ஆக்கப்பட்ட வானிலைக் கணிப்பு நிரல் ஒன்று உலகத்தார் யாவர்க்கும் இலவசமாகவே கிடைக்கின்றது. காற்றாலைகள் காற்றிலிருந்து எடுக்கும் பங்கைக் கணிக்கும் பகுதியும் அதனுள் உண்டு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர் சாதாரண கணினியிலேயே வாவியைச் சுற்றிய சிறு பகுதியைக் கணித்துப் பார்க்கலாம். பாடசாலை மாணவர்க்கும் பங்குண்டு. வாவியின் இரு கரைகளிலும் உள்ள பாடசாலைகள் சில ஒன்றுகூடி, நாள்தோறும் ஒரே நேரத்தில் வெப்பநிலை, காற்றின் திசை, மரக்கிளையும் கொடித்துணியும் அசையும் அளவு ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்கட்டும். கச்சான் தொடங்கிய நாளையும் ஓய்ந்த நாளையும் எழுதட்டும். மூன்றாண்டுக் குறிப்பு இருந்தால், கணினி சொல்லும் காற்றும் கரையில் அடிக்கும் காற்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒத்தால் கணக்கை நம்பலாம். ஒவ்வாவிடிற் கணக்கைத் திருத்தலாம். றிச்சாட்சன் தம் பிழையை அச்சிட்டு வெளியிட்டதனாலன்றோ பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது!

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கும் வேலிக்கும் நடந்தால், “படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு” என்று தடுத்துவிடாதீர்கள். அதுவும் படிப்பே. களத்திலே தூற்றிய நம் முன்னோர் காற்றின் வரவை மட்டும் பார்க்கவில்லை. தமக்குப் பின்னே யார் நிற்கின்றார் என்பதையும் பார்த்தே நின்றனர். காற்று எல்லார்க்கும் பொது. அதிலிருந்து எடுப்பவர் எவராயினும், எவ்வளவு எடுத்தோம், எவருக்கு என்ன விட்டோம் என்று கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அக்கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த தலைமுறை ஒன்று இவ்வாவியின் இரு கரைகளிலும் உருவாதல் வேண்டும்.